உள்ளங்கால் குழியில் ஒரு கட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பிசியோதெரபிப் பிரிவில் வேலை செய்கிறேன். குதிகால் வலி, முழங்கால் வலி, முறிந்து கட்டுப் போட்ட கால் என்று நாள் முழுக்கக் கால்களோடுதான் என் பிழைப்பு. இடையிடையே யாராவது வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளங்காலைத் திருப்பிக் காட்டி, "மிஸ், இதுக்குள்ள ஒரு கல்லு இருக்கு" என்பார்கள். கல் இல்லை. பெரும்பாலும் அது பிளாண்டர் ஃபைப்ரோமா என்கிற, ஆபத்தில்லாத நார்க்கட்டி. முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த என் அம்மாவின் காலிலும் அது இருந்தது. அவருக்கு நடந்த கதையும் கீழே வரும். வாயால் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை எழுதியே வைத்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது என்ன கட்டி? எங்கிருந்து முளைக்கிறது?

குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்களின் அடிவரைக்கும் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. பிளாண்டர் ஃபேஷியா என்று வைத்தியர்கள் சொல்வது அதைத்தான். பாதத்தை வில் என்று வைத்துக்கொண்டால் இது நாண். வளைவு சரிந்துவிடாமல் இழுத்துப் பிடித்திருப்பது இதுதான். இந்தப் பட்டையில் ஓரிடத்தில் நார் உண்டாக்கும் செல்கள் தேவைக்கு மேல் பெருகி, கொலாஜனைக் கொட்டி, ஒரு முடிச்சுப் போட்டுவிடுகின்றன. கொழுந்துக் கூடையின் கயிற்றில் முடிச்சு விழுந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு அறாது, கூடையும் விழாது. முடிச்சு தலையில் அழுந்துகிற இடம் மட்டும் நோகும்.

அநேகமாகப் பாதத்தின் உட்பக்கமாக, குழியின் நடுப்பகுதியில் வரும். ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் என்ற அளவில் இருக்கும். ஒன்றாகவும் வரும், இரண்டு மூன்று வரிசையாகவும் வரும், சிலருக்கு இரண்டு காலிலும் வரும். 40 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில்தான் அதிகம், அதிலும் ஆண்களுக்குக் கூடுதல். ஆனால் என்னிடம் வருவோரில் பெண்கள் குறைவில்லை. மலையில் நாள் முழுக்க நிற்பது அவர்கள்தானே.

ஜெர்மனியைச் சேர்ந்த கியோர்க் லெடர்ஹோஸ் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் 1894இல் இதை விவரித்து எழுதினார். அதனால் கிளினிக் கொப்பியில் "லெடர்ஹோஸ் நோய்" என்று எழுதியிருந்தாலும் அது இதேதான். நோய் என்ற சொல்லைப் பார்த்துப் பதற வேண்டாம்.

என் காலில் இருப்பது அதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடைசி முடிவு வைத்தியருடையது. ஆனாலும் வீட்டு வாசல் படியில், பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து நீங்களே கொஞ்சம் பார்க்கலாம். பாதத்தைத் தூக்கி மற்றக் காலின் தொடைமேல் வையுங்கள். ஒரு கையால் கால் பெருவிரலைப் பிடித்து மேற்பக்கமாக, கணுக்காலை நோக்கி மெதுவாக வளையுங்கள். உள்ளங்கால் குழியில் ஒரு கயிறு விறைத்து எழும்புவது தெரியும். அதுதான் அந்த நார்ப்பட்டை. இப்போது மற்றக் கையின் கட்டைவிரலால் கட்டியைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். நார்க்கட்டி என்றால் கயிற்றோடு கயிறாக ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். தொட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பர் மாதிரி இறுக்கமாக இருக்கும். மேலே உள்ள தோல் நிறம் மாறாமல், வழவழப்பாக, புண் ஏதும் இல்லாமல் இருக்கும்.

இதெல்லாம் பொருந்தி, பல மாதங்களாகப் பெரிய மாற்றம் இல்லாமலும் இருந்தால் அநேகமாக அதுதான்.

அதுவாக இல்லாவிட்டால் வேறு என்னவாக இருக்கலாம்?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்த நார்க்கட்டி வட ஐரோப்பியர்களிடம் அதிகம், நம் ஆட்களிடம் அத்தனை அதிகம் இல்லை. எனவே உள்ளங்காலில் தட்டுப்படுகிற எல்லாவற்றுக்கும் இதே பெயரைச் சூட்டிவிடக் கூடாது.

முதலில் கால் ஆணியும் மருவும். இரண்டும் தோலில் இருப்பவை. தோல் தடித்து, சொரசொரப்பாக இருக்கும். மருவின் மேற்பரப்பில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் மரு நன்றாக வலிக்கும். நார்க்கட்டி தோலுக்கு அடியில், ஆழத்தில் இருப்பது.

அடுத்தது முள். மலையில் வேலை செய்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே இதைத்தான். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியான மிலாறோ மூங்கில் சிராயோ எப்போதோ குத்தி, முனை உள்ளேயே முறிந்து நின்றுவிடும். உடம்பு அதைச் சுற்றி ஒரு கட்டியைக் கட்டிக்கொள்ளும். "மூணு மாசத்துக்கு முந்தி முள்ளு குத்துச்சு, எடுத்துட்டேன்" என்பார்கள். முழுதாக எடுபட்டிருக்காது. மரச் சிராய் எக்ஸ்ரேயில் அநேகமாகத் தெரியாது, ஸ்கேனில் தெரியும்.

மெத்தென்று இருந்து, அமுக்கினால் நழுவினால் கொழுப்புக் கட்டியாக இருக்கலாம். தண்ணீர் நிறைந்த பந்து மாதிரி இருந்து, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கத்தில் பிடித்தால் உள்ளே ஒளி பரவினால் அது கங்லியன் என்கிற நீர்க்கட்டி. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்துகிறது, கட்டி எதுவும் கைக்கு அகப்படவில்லை என்றால் அது குதிகால் நார் அழற்சி. பட்டை ஒன்றுதான், வருத்தம் வேறு.

இன்னொன்றும் உண்டு, அரிதானது. ஆனால் வெறுங்காலோடு மண்ணில் வேலை செய்கிறவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1842இல் ஜோன் கில் என்ற வைத்தியர் மதுரையில் கண்டு எழுதியதால் "மதுராக் கால்" என்றே உலகம் முழுக்கப் பெயராகிவிட்ட கிருமித் தொற்று அது. முள் குத்திய வழியாகப் பூஞ்சணமோ பக்டீரியாவோ உள்ளே போய், மாதக்கணக்கில் வலியில்லாமல் வீங்கும். பிறகு தோலில் துவாரங்கள் விழுந்து சீழ் வடியும். சீழில் கடுகு போன்ற சின்ன மணிகள் இருக்கும். அப்படி ஏதாவது கண்டால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேன்சராக இருக்குமா?

இந்த நார்க்கட்டி புற்றுநோய் அல்ல. வேறு உறுப்புகளுக்குப் பரவாது.

அதே சமயம், உள்ளங்காலில் வரும் ஒவ்வொரு கட்டியும் சாது என்று நான் சொல்லமாட்டேன். சில வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வளர்ந்தால், 5 சென்டிமீட்டரைத் தாண்டினால், மிதிக்காமல் படுத்திருக்கும்போதும் இரவில் வலித்தால், மேலே தோல் புண்ணானால், விரல்கள் மரத்துப் போனால் தாமதிக்க வேண்டாம். உள்ளங்காலில் புதிதாக ஒரு கறுப்புப் புள்ளி வந்து பரவுகிறது என்றால் அதையும் காட்டிவிடுங்கள். அது கட்டி சம்பந்தப்பட்டது இல்லாவிட்டாலும் தோல் புற்றுநோயாக இருக்க இடமுண்டு.

மலை ஏறி இறங்கியதால் வந்ததா? செருப்பில்லாமல் நடந்ததாலா?

தேயிலை மலை ஏறினால் இந்தக் கட்டி வரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. பட்டையில் சின்னச் சின்னக் கீறல்கள் விழுந்து ஆறும்போது முடிச்சு உண்டாகலாம் என்று ஒரு கருத்து இருக்கிறது. ஆனால் வாழ்நாள் முழுக்கச் செங்குத்து மலையில் நின்ற ஆயிரக்கணக்கான கால்களில் இது இல்லை. பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு. சீனி வருத்தம் (நீரிழிவு), வலிப்பு, நீண்ட நாள் மதுப் பழக்கம், தோள்மூட்டு இறுகிப்போதல் ஆகியவை உள்ளவர்களிடம் கூடுதலாகப் பார்க்கப்படுகிறது. வலிப்புக்குக் கொடுக்கும் பீனோபார்பிட்டோன் மாத்திரையோடும் தொடர்பு சொல்லப்படுகிறது. அதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். காலில் ஒரு முடிச்சு இருப்பதைவிட அடுப்பங்கரையில் வலிப்பு வந்து விழுவது எத்தனையோ மடங்கு மோசம்.

மலை செய்வது வேறு. இருக்கிற கட்டியை நோக வைப்பது மலைதான். படியிலும் கல்லிலும் பாதத்தின் நடுப்பகுதியை ஊன்றி நிற்கும்போது முழு உடம்பின் பாரமும் அந்த முடிச்சின் மேல் இறங்குகிறது.

கையைப் பார்த்துவிட்டு வைத்தியர் எதையோ எழுதினார். காலில் கட்டி, கையை ஏன் பார்க்கிறார்?

இதே முடிச்சு உள்ளங்கையிலும் வரும். அங்கே அதற்குப் பெயர் டுப்யுட்ரன். 1777 முதல் 1835 வரை வாழ்ந்த பிரெஞ்சு வைத்தியர் ஒருவரின் பெயர் அது. கையில் வந்தால் மோதிர விரலையும் சுண்டு விரலையும் மெல்ல மெல்ல உள்ளே இழுத்து மடக்கிவிடும். காலில் வருவது விரல்களை அப்படி மடக்குவது மிக அரிது. உள்ளங்கையை மேசைமேல் வையுங்கள். தட்டையாகப் படிந்தால் கவலை இல்லை. படியாமல் நடுவில் தூக்கி நின்றால் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஆண்களுக்கு ஆணுறுப்பிலும் இந்த வகை நார் படிந்து வளைவு உண்டாகலாம். வெட்கத்தில் யாரும் சொல்வதில்லை. சொல்லலாம், வைத்தியருக்கு அது புதுச் சேதி இல்லை.

ஸ்கேன் கட்டாயமா? சதை வெட்டிச் சோதிப்பார்களா?

தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால், வயிற்றுக்கு எடுக்கிற அதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேனைக் காலுக்கு எடுப்பார்கள். நார்ப்பட்டையோடு ஒட்டிய, ஓரளவு கறுத்த முடிச்சாகத் தெரியும். எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் தேவையில்லை. ஆழமாக, பெரிதாக, விளிம்பு தெளியாமல் இருந்தாலோ சத்திரசிகிச்சைக்குத் திட்டமிட்டாலோதான். சதை எடுத்துச் சோதிப்பதும் சந்தேகம் தீராதவர்களுக்கு மட்டும்.

எனக்கு வலிக்கவே இல்லை. என்ன செய்ய?

ஒன்றும் செய்ய வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேலை வைத்து அளந்து, ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். போதும்.

தானாகக் கரைந்து போகுமா?

பெரும்பாலும் போகாது. ஓர் அளவுக்கு வளர்ந்து அப்படியே நின்றுவிடும். சிலருக்குக் கொஞ்சம் சிறுத்துப் போவதும் உண்டு, வருடங்கள் கழித்து மறுபடி வளர்வதும் உண்டு. கட்டி இருக்கிறதா என்று பார்க்காமல் வலி இருக்கிறதா என்று பாருங்கள்.

வலிக்கிறது. முதலில் என்ன செய்வது?

செருப்பில் குழி வெட்டுங்கள். விளையாட்டில்லை. இந்த வருத்தத்துக்கு நான் பார்த்த வைத்தியங்களில் செலவு குறைந்ததும் பலன் கூடியதும் இதுதான். கட்டி அழுந்தாமல் இருந்தால் வலி பெருமளவு அடங்கிவிடும்.

எங்கே வெட்டுவது என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக வெட்டினால் ஒரு விரல் தள்ளிப் போய்விடும். நான் செய்வது இப்படி: கொஞ்சம் குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, கட்டியின் உச்சியில் ஒரு பொட்டு வைப்பேன். சப்பாத்துக்குள் போடுகிற மெத்தென்ற ஸ்பொஞ்ச் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, அவரை அதன்மேல் ஏறி நிற்கச் சொல்வேன். உட்கார்ந்தபடி இல்லை, எழுந்து நின்று, பாரம் முழுவதையும் அந்தக் காலில் போட்டு. காலைத் தூக்கினால் இன்சோலில் சிவப்பாகப் பொட்டு விழுந்திருக்கும். அதைச் சுற்றிக் கட்டியின் அளவைவிட அரை சென்டிமீட்டர் பெரிதாக ஒரு வட்டம் போட்டு வெட்ட வேண்டும். விளிம்பைச் செங்குத்தாக விடாமல் பிளேடால் உட்பக்கம் சாய்த்துச் சீவிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த விளிம்பே புதிதாக ஓரிடத்தில் அழுந்தும். போட்டு நாலடி நடக்கச் சொன்னால் முகத்திலேயே தெரியும். ஓர் ஐயா இங்கேயும் அங்கேயும் நடந்துவிட்டு, "கல்லு விழுந்திருச்சு மிஸ்" என்றார்.

5 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஸ்பொஞ்ச் நல்லது. பஸ் நிலையத்துப் பக்கத்தில் சப்பாத்துத் தைக்கிறவர்களிடம் பொட்டு விழுந்த இன்சோலைக் கொடுத்தால் நம்மைவிட நேர்த்தியாக வெட்டித் தருவார்கள்.

நான் போடுவது பாட்டா செருப்புத்தான். அதில் எப்படி?

செருப்பிலேயே குழி தோண்டினால் அது மெலிந்து கிழிந்துவிடும், கீழே உள்ள கல்லும் குத்தும். அதே ஸ்பொஞ்சைச் செருப்பின் அளவுக்கு வெட்டி, குழியும் வெட்டி, மேலே பசை போட்டு ஒட்டுங்கள். மழை நாளில் ஊறும், சில வாரத்தில் பிய்ந்து வரும். உண்மையைச் சொன்னால், அடி தடித்த, பின்பக்கம் பட்டி உள்ள செருப்போ சப்பாத்தோ மலைக்கு நல்லது. மலையில் அட்டைக் கடிக்கும் அது உதவும்.

கடையில் விற்கும் ஆர்ச் சப்போர்ட்டை வாங்கலாமா?

வேண்டாம். குதிகால் வலிக்காரருக்கு அது நல்லது. உங்களுக்கு எங்கே கட்டி இருக்கிறதோ சரியாக அங்கேதான் அது முட்டுக்கொடுக்கும். காசு கொடுத்து வலியை வாங்கின மாதிரி. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சரி, அதிலும் பொட்டு வைத்துக் குழி வெட்டலாம்.

சித்தாலேப என்கிற ஆயுர்வேத வலித் தைலத்தைப் பூசலாமா? எண்ணெய் போட்டு உருவினால் கரையுமா?

பூசலாம். சூடாக, இதமாக இருக்கும், இரவில் தூக்கம் வரும். கட்டி கரையாது. இறுக்கிப் பிடித்து உருவுவது, போத்தலை வைத்து உருட்டுவது, கட்டியின் மேல் ஏறி மிதிக்கச் சொல்வது எல்லாம் குதிகால் வலிக்குக் கேட்டு வந்த பழக்கங்கள். முடிச்சை நசுக்கினால் அவிழாது, வீங்கத்தான் செய்யும். சுட்ட செங்கல்லில் துணி சுற்றி மிதிக்கும் வழக்கமும் இங்கே இருக்கிறது. சீனி வருத்தக்காரர்கள் அதைச் செய்யவே வேண்டாம்.

ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம் என்று எழுதுவார்கள். நுவரெலியாவில் ஜனவரி மாதம் அதைச் சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். பீலியில் விழும் மலைத் தண்ணீரில் பத்து நிமிடம் காலை வைத்தாலே போதும்.

பிளேடு வைத்துக் கீறலாமா என்று ஒருவர் கேட்டார். கேட்டவரின் பெருவிரலில் ஏற்கெனவே அப்படிக் கீறிய தழும்பு இருந்தது. கூடாது.

பயிற்சி ஏதாவது உண்டா?

கட்டியைக் கரைக்கும் பயிற்சி இல்லை. ஆனால் கெண்டைக்கால் இறுகிப்போயிருந்தால் நாண் இன்னும் விறைக்கும், முடிச்சு இன்னும் துருத்தும். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, நோகும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல், முன்கால் முழங்காலை மடக்கிச் சாயுங்கள். 30 விநாடி, மூன்று தடவை, காலையும் மாலையும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போக முன் செய்ய நேரம் இல்லை என்பார்கள். தண்ணீர் கொதிக்கிற நேரம் போதும்.

வலி மாத்திரை?

பனடோல் (பரசிட்டமோல்) பாதுகாப்பானது, அளவு மீறாதவரை. டைக்ளோஃபினாக் ஜெல்லை மேலே பூசலாம். டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபன் மாத்திரைகளைக் கடையில் வாங்கி நாள்கணக்கில் விழுங்குவதுதான் வம்பு. வயிற்றுப் புண், பிரஷர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

கட்டிக்குள் ஊசி போடலாம் என்கிறார்கள்?

ஸ்டீரொய்ட் ஊசியைச் சொல்கிறார்கள். சிலருக்குக் கட்டி மென்மையாகி, சிறுத்து, சில மாதங்களுக்கு வலி குறையும். பிறகு திரும்பலாம். போடும்போது நன்றாகவே வலிக்கும், உள்ளங்கால் தோல் அப்படிப்பட்டது. அடிக்கடி போட்டால் அந்த இடத்துக் கொழுப்பு மெலியும், தோல் வெளுக்கும், நார்ப்பட்டை கிழியவும் இடமுண்டு. சீனி வருத்தக்காரருக்கு ஊசி போட்ட சில நாட்களுக்கு இரத்தத்தில் சீனி ஏறும். குழி வெட்டிய இன்சோலைச் சில மாதம் போட்டுப் பார்த்தும் முடியவில்லை என்றால் ஊசியைப் பற்றி யோசிக்கலாம். முதல் நாளே ஊசி கேட்பது அவசரம்.

இணையத்தில் வேறு சிகிச்சைகளும் வருகின்றனவே?

வெறபமில் ஜெல்லுக்கு ஆதாரம் மெலிது. அதிர்வலைச் சிகிச்சை வலியைக் குறைக்கலாம், ஆனால் அதைச் சோதித்தவை சின்ன ஆய்வுகள். கொலாஜனைக் கரைக்கும் ஊசிக்கு அமெரிக்காவில் 2010இல் அனுமதி கிடைத்தது உள்ளங்கை முடிச்சுக்கு, காலுக்கு அல்ல. குறைந்த அளவு கதிர்ச் சிகிச்சை ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் நடக்கிறது. நெதர்லாந்தில் பாதிப் பேருக்கு நிஜக் கதிரும் பாதிப் பேருக்குப் பொய்க் கதிரும் கொடுத்து ஒப்பிட்டதில் நிஜக் கதிர் பெற்றவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. நல்ல சேதிதான். ஆனால் நம் நாட்டில் மகரகம, கண்டி போன்ற இடங்களில் உள்ள கதிர் இயந்திரங்களுக்கு முன்னால் புற்றுநோயாளிகளின் வரிசையே நீளமாக நிற்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு? வெட்டி எடுத்துவிட்டால் முடிந்ததல்லவா?

அம்மாவும் இதைத்தான் கேட்டார். அப்போது நான் படித்துக்கொண்டிருந்தேன், எனக்கும் தெரியாது. இடது கால், குழியின் நடுவில், புளியங்கொட்டை அளவு. தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று ஓர் இடத்தில் காசு கட்டி எடுத்தோம். அரை மணி நேர வேலை. கட்டியை ஒரு சின்னப் போத்தலில் போட்டுக் காட்டினார்கள். திரும்ப வரலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்றரை வருடத்தில் வந்தது, தழும்புக்குப் பக்கத்தில், இந்தத் தடவை இரண்டாக. கட்டியைவிடத் தழும்புதான் அதிகம் நொந்தது. மலையில் இறங்கும்போது பாதத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, நண்டு மாதிரி இறங்குவார்.

விஷயம் இதுதான்: கூடைக் கயிற்றின் முடிச்சு கயிற்றுக்கு வெளியே இல்லை, கயிறேதான் முடிச்சு. முடிச்சை மட்டும் சீவினால் அதை உண்டாக்கிய நார் அங்கேயே மிச்சம் இருக்கும். கட்டியை மட்டும் எடுத்தால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. சுற்றியுள்ள நல்ல பட்டையையும் சேர்த்து அகலமாக எடுத்தால் திரும்ப வருவது குறையும். பட்டை முழுவதையும் எடுத்தால் இன்னும் குறையும். ஆனால் அந்த அளவுக்கு வில்லின் நாணும் போகிறது. வளைவு தாழலாம், காயம் ஆறத் தாமதமாகலாம், நரம்பு வெட்டுப்பட்டு மரத்துப் போகலாம். எனவே மற்ற எல்லாவற்றையும் செய்து பார்த்தும் நடக்கவே முடியாதவர்களுக்குத்தான் சத்திரசிகிச்சை. செய்வதானால் இதில் பழகிய சத்திரசிகிச்சை நிபுணரிடம், "எவ்வளவு எடுப்பீர்கள், திரும்ப வருமா" என்று கேட்டுவிட்டுத்தான்.

அப்படியே செய்வதானால் எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது?

இரண்டு மூன்று வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது. தையல் பிரித்த பிறகும் மலைக்குப் போக ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். இதைக் கொழும்பில் இருப்பவருக்குச் சொல்வது வேறு, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருப்பவருக்குச் சொல்வது வேறு. மேட்டு லயத்தில் வீடு, ஐம்பது படிக்குக் கீழே ரோடு, கக்கூஸ் வெளியே, மழை பெய்தால் வாசல் வழுக்கும். ஊன்றுகோலோடு அங்கே ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அத்தனை நாளும் பேர் விழாது, அதாவது சம்பளக் கணக்கில் அந்த நாட்கள் சேராது. இதை யோசிக்காமல் திகதி எடுத்துவிட்டு, நாலாம் நாள் கூரை ஒழுகுகிறது என்று காலை ஊன்றி, தையல் விட்டுப்போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்வதென்றால் படி ஏறத் தேவையில்லாத உறவினர் வீட்டில் முதல் மூன்று வாரம் தங்க வழி பாருங்கள். கொழுந்து கொட்டுகிற மாதத்தையும் அடைமழைக் காலத்தையும் தவிர்த்துத் திகதி கேளுங்கள்.

சீனி வருத்தம் இருக்கிறது. நான் வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

ஆமாம். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் நீங்கள் வெட்டிய குழியின் விளிம்பு அழுத்துவது உங்களுக்கே தெரியாது. தினமும் இரவில் உள்ளங்காலை ஒரு சின்னக் கண்ணாடியில் பாருங்கள். அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள், அவர்களுக்கு அது விளையாட்டு. சிவந்த வளையம் தெரிந்தால் இன்சோலை எடுத்துவிட்டுக் கிளினிக்குக்கு வாருங்கள்.

சிவனொளிபாதமலை ஏறலாமா?

மார்கழி பிறந்ததும் வரும் கேள்வி. ஏறலாம். நல்லதண்ணிப் பக்கமாக 5,000க்கு மேற்பட்ட படிகள் இருக்கின்றன. ஏறும்போது முன்பாதத்தை ஊன்றுகிறோம், விரல்கள் மேலே வளைகின்றன, நாண் விறைக்கிறது. அதனால் பாதத்தின் முன்பாதியை மட்டும் படியில் வைக்காமல் முழுப் பாதத்தையும் வைத்து ஏறுங்கள். படி விளிம்பு குழியில் பதிய நிற்கவே வேண்டாம். இறங்கும்போது கைத்தடி உதவும். குழி வெட்டிய இன்சோலைப் புதிதாக அன்றைக்குப் போடாமல் இரண்டு வாரம் முன்பே போட்டுப் பழகுங்கள். வெறுங்காலோடு ஏறுவதாக நேர்த்தி வைத்திருந்தால் நான் தடுக்கமாட்டேன். பாதம் பதிந்த மலைக்குப் பாதம் நொந்து போவதில் அம்மாவுக்கு ஒரு கணக்கு இருந்தது, எனக்கு அது புரிந்ததில்லை.

யாரிடம் காட்டுவது?

தோட்டத்து டிஸ்பென்சரியில் முதலில் காட்டுங்கள். முள்ளா, மருவா, ஆணியா என்பது அங்கேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். அதற்கு மேல் என்றால் அங்கே அனுப்புகைத் துண்டு வாங்கிக்கொண்டு, உங்களுக்குக் கிட்ட உள்ள டிக்கோயா, நுவரெலியா, பதுளை, கண்டி அரசாங்க வைத்தியசாலைகளில் ஒன்றின் ஓ.பி.டி.க்குப் போனால் எலும்புக் கிளினிக்குக்கோ சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கோ அனுப்புவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. தினமும் வேலைக்குப் போடுகிற அதே செருப்பைப் போட்டுக்கொண்டு வாருங்கள். எல்லோரும் கல்யாணத்துக்குப் போடுகிற செருப்பில் வருகிறார்கள், அதைப் பார்த்து எனக்கு ஒன்றும் தெரியாது.

குழி வெட்டிய இன்சோலை எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாற்றுவது?

ஸ்பொஞ்ச் தட்டையாகி, குழியின் ஆழம் குறைந்ததும் வலி திரும்பும். மலையில் வேலை செய்கிறவர்களுக்கு மூன்று மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மாற்றும் ஒவ்வொரு தடவையும் பொட்டைப் புதிதாக வைத்துத்தான் வெட்ட வேண்டும், பழைய இன்சோலை மேலே வைத்து வரைந்து வெட்டக் கூடாது. கட்டி கொஞ்சம் நகர்ந்தோ வளர்ந்தோ இருக்கும். அம்மாவின் பழைய இன்சோல்கள் ஆறேழு இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கின்றன. முதலாவதில் ஒரு துவாரம், கடைசியில் மூன்று.